விமானப் பயணத்துக்கு ஃபிட்ஜெட் சாமான்: பிள்ளையின் கையைப் பார்ப்பதில் தொடங்கி பை அடுக்குவது வரை

பெருநாள் விடுமுறை நெருங்கினால் என் போனுக்கு ஒரே மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். “லாத்தா, நாளன்னைக்கு துபாய் பிளைட். முப்பது சாமான் இருக்கிற ஃபிட்ஜெட் செட் ஆன்லைன்ல வாங்கிட்டேன். போதுமா?”

ஃபிட்ஜெட் என்றால், சும்மா உட்கார முடியாத பிள்ளை அமுக்கவும் உருட்டவும் தடவவும் மெல்லவும் கொடுக்கும் சின்னச் சாமான். அந்த முப்பதில் பாதிக்கு மேல் விமானத்துக்கு ஆகாது. மிச்சத்தில் அந்தப் பிள்ளை தொடப்போவது இரண்டோ மூன்றோ. எனக்கு இது தெரிந்தது பட்டுத்தான். கீழக்கரையில் இருக்கிறேன். மகனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் உள்ள பிள்ளை. அவன் வாப்பா துபாயில் வேலை பார்ப்பதால் வருடத்துக்கு ஒரு முறையாவது பறக்கிறோம். பெரியபட்டினம், ஏர்வாடி, தொண்டிப் பக்கத்துக் குடும்பங்களுக்கும் பை அடுக்கிக் கொடுத்திருக்கிறேன். எல்லாரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான்: ஆறாவதாகச் செய்ய வேண்டிய வேலையை முதலில் செய்துவிடுகிறார்கள். வாங்குவதுதான் அந்த ஆறாவது வேலை.

தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: பயணத்துக்கு முன் மூன்று வாரம், ஒரு சின்ன நோட்டு, ஜிப் வைத்த கவர் ஐந்தாறு, துணி துவைக்கும் ஒரு பிளாஸ்டிக் டப். பிள்ளை தெரபிக்குப் போவதானால் அந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் ஒரு தடவை பேசிவிடுங்கள். எதைக் கொடுத்தால் அடங்குகிறான், எதைக் கொடுத்தால் இன்னும் துள்ளுகிறான் என்று அவர்கள் கணக்கு வைத்திருப்பார்கள்.

1. ஒரு வாரம் கையையும் வாயையும் கவனியுங்கள்

எதையும் கொடுக்காமல் வெறுமனே பாருங்கள். பஸ்ஸில், கல்யாண மண்டபத்தில், ஆஸ்பத்திரி வரிசையில் பிள்ளைக்குப் பொறுமை போகும்போது உடம்பு தானாக என்ன தேடுகிறது? சட்டைக் காலரை மெல்லுகிறானா, உங்கள் கையை இறுக்கிப் பிடிக்கிறானா, துணி ஓரத்தைத் தடவிக்கொண்டே இருக்கிறானா, ஃபேன் சுற்றுவதையே பார்க்கிறானா, ஸ்விட்சைப் போட்டு அணைக்கிறானா? எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள்.

இதற்குக் காரணம் உண்டு. இந்தச் சாமான்களை ‘அமைதிப்படுத்துவது’ என்று ஒரே பெயரில் விற்கிறார்கள், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பசிக்கு. மெல்லும் பசி உள்ள பிள்ளைக்குச் சுற்றும் ஸ்பின்னர் கொடுத்தால் அதையும் வாயில்தான் வைப்பான். இறுக்கிப் பிடித்தால் அடங்கும் பிள்ளைக்குப் பளபளவென்று மின்னும் பந்தைக் கொடுத்தால் இன்னும் கிளர்ந்துபோவான்.

என் மகன் விஷயத்தில் இதை நான் கவனிக்காமல் விட்டது முதல் பயணத்தில் தெரிந்தது. சீட் பெல்ட்டைப் போட்டதும் அந்தத் தகட்டைத் தூக்கித் தூக்கித் திறந்துகொண்டே இருந்தான். பணிப்பெண் மூன்று முறை வந்து பூட்டிவிட்டுப் போனார். நான் கையைத் தட்டிவிட, அவன் அலற, பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நிற்க, அந்த நாலு மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. ஊருக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. வீட்டிலும் அவன் ஸ்கூல் பையின் பக்கிளைத்தான் அழுத்தித் திறந்துகொண்டே இருப்பான். அவன் விரலுக்கு வேண்டியது அந்த ‘டக்’. பை தைக்கும் கடையில் பழைய பை ஒன்றின் பக்கிளைப் பிரித்து, கெட்டித் துணியில் தைத்து வாங்கினேன். உள்ளங்கை அகலத் துணி, நடுவில் பக்கிள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு சீட் பெல்ட்டில் அவன் கை போகவே இல்லை.

நோட்டில் எழுதியதை வாரக் கடைசியில் படித்துப் பாருங்கள். அதிகம் வந்த இரண்டு பசிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வேண்டாம்.

2. பயணத்தைக் கூறு போடுங்கள்

‘நாலு மணி நேர பிளைட்’ என்று கணக்கிட்டுச் சாமான் எடுப்பவர்கள் பாதி வழியிலேயே திணறிப்போகிறார்கள். கீழக்கரையிலிருந்து மதுரை விமான நிலையத்துக்குக் காரில் கிட்டத்தட்ட மூன்று மணி. வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். விமானத்தில் நாலு மணி. இறங்கி இமிகிரேஷன், பெட்டி எடுப்பது என்று ஒரு மணி. ஆகப் பதினோரு மணி நேரம். திருச்சி வழியாகப் போனால் சாலையில் இன்னும் கூடும்.

ஒவ்வொரு கூறிலும் பிள்ளையின் கைக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. காரில் சத்தம் போடலாம். பாதுகாப்புச் சோதனையில் கையில் ஒன்றும் இருக்கக் கூடாது. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் முன்னாலிருக்கும் மேசைப் பலகையை மடக்கிவிட வேண்டும், ஆகவே மேசை தேவைப்படும் சாமான் அப்போது உதவாது. இந்தக் கூறுகளை நோட்டில் வரிசையாக எழுதி, எதிரே எந்தப் பசி எங்கே தலைதூக்கும் என்று குறித்தால் எத்தனை சாமான் வேண்டும் என்பது தெரிந்துவிடும். எங்களுக்கு ஆறு போதும். ஆறுக்கு மேல் எடுத்துப் போன குடும்பம் எதுவும் ஏழாவதைத் தொட்டதாக எனக்கு நினைவில்லை.

3. கடைக்கு முன் வீட்டைத் தேடுங்கள்

பிள்ளைக்கு ஏற்கெனவே பழகிய பொருள், புதுப் பொருளைவிட இரண்டு மடங்கு வேலை செய்யும். பழகாத இடத்தில் பழகிய ஒன்று கையில் இருப்பதே பாதி ஆறுதல்.

வலைக் கயிறு: எங்கள் பகுதியில் மீன்பிடிக்கும் குடும்பம் எதுவாக இருந்தாலும் வலை கட்டும் நைலான் கயிறு இருக்கும். சுண்டு விரல் தடிமனில் ஒரு சாண் துண்டு எடுத்து, ஏழு முடிச்சுப் போட்டு, இரண்டு நுனியையும் நெருப்பில் காட்டி உருக்கிவிடச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் இதை இரண்டு நிமிடத்தில் செய்து கொடுத்தார். முடிச்சு முடிச்சாக விரல் நகரும், சத்தம் இல்லை, உருளாது, கழுவினால் காய்ந்துவிடும். உருக்கிய நுனி கூராக இருந்தால் உரசி மழுங்கடித்துவிடுங்கள். ஒரு சாணுக்கு மேல் நீளம் வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

அக்குபிரஷர் மோதிரம்: ஸ்பிரிங் மாதிரி இருக்கும், விரலில் மேலும் கீழும் உருட்டுவது. சந்தையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அழுத்தம் தேடும் பிள்ளைக்கு இதைவிட மலிவான நல்ல சாமான் எனக்குத் தெரியாது. உப்புக் காற்றில் துருப்பிடிக்கும், ஆகவே பழையதை எடுத்துப் போகாமல் புதிதாக ஒன்று வாங்குங்கள்.

தஸ்பீஹ் மணி: எண்ணி ஓதுவதற்கு வைத்திருக்கும் 33 மணிக் கோர்வை பெரிய பிள்ளைகளுக்கு நன்றாக வேலை செய்கிறது. கயிறு அறுந்தால் மணி முழுக்கச் சீட்டுக்கு அடியில் ஓடும். கெட்டி நூலில், மணிக்கு மணி முடிச்சுப் போட்டுக் கோர்த்தது நல்லது. வாயில் வைக்கும் பிள்ளைக்குக் கொடுக்கவே வேண்டாம்.

பனையோலைக் கிலுகிலுப்பை பார்க்க அழகு. சத்தம் வரும், கடித்தால் ஓலை பிரிந்து உதட்டைக் கீறும். காரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பதிலேயே எடுத்துப் போகக் கூடாதது ஒன்று உண்டு. கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைத் தடவுவது நம் பிள்ளைகள் பலருக்குப் பிடிக்கும். அந்தச் சொரசொரப்பு அப்படி. மன்னார் வளைகுடாவின் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். பையில் இருந்தால் விமான நிலையத்தில் பெரிய வம்பாகும். கடல் அட்டை, கடல் குதிரைக்கும் இதே சட்டம்தான். சிப்பி, சங்கிலும் சில வகைகளுக்குத் தடை உண்டு, எது எது என்று நாம் பிரித்தறிய முடியாது என்பதால் எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அந்தச் சொரசொரப்புக்கு வெல்க்ரோவின் முரட்டுப் பக்கத்தை மட்டும் துணியில் தைத்துக் கொடுங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்தால்தான் ‘சர்’ரென்று கிழிகிற சத்தம் வரும்.

பயறு நிரப்பிய துணிப்பை தைப்பவர்கள் குன்றிமணியைப் போட்டுவிடாதீர்கள். அது விஷம், மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

4. பாதுகாப்புச் சோதனையில் நிற்பவற்றைக் கழியுங்கள்

சோதனையில் சாமானைப் பிடுங்கி வைத்தால் போவது பணம் மட்டுமில்லை. பிள்ளை அந்த இடத்திலேயே உடைந்துபோவான், அதன் பிறகு மீதிப் பயணம் முழுக்க அதையே சரிசெய்துகொண்டிருப்பீர்கள். சந்தேகம் வந்தாலே எடுத்துப் போக வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஸ்லைம் என்கிற வழவழப்பான பசை, ஜெல், கையால் பிசையும் தெரபி புட்டி எல்லாம் திரவக் கணக்கில் வரும். வெளிநாட்டு விமானத்தில் ஒரு டப்பா 100 மில்லிக்கு மேல் கூடாது, எல்லா டப்பாவும் சேர்ந்து ஒரு லிட்டர் அளவுள்ள கண்ணாடி மாதிரிக் கவருக்குள் அடங்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்: உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை, டப்பாவின் அளவைத்தான் பார்ப்பார்கள். 200 மில்லி டப்பாவில் கால்வாசி ஸ்லைம் இருந்தாலும் போகாது.

சொட்டுச் சொட்டாக எண்ணெய் இறங்கும் கண்ணாடிக் குழாய், குலுக்கினால் மினுக்கும் தண்ணீர்ப் பந்து, இவற்றின் மேல் அளவு எழுதியிருக்காது. வீட்டில் வைத்துவிடுங்கள். விளையாட்டுக் களிமண்ணும் மணலும் எக்ஸ்ரேயில் கட்டியாகத் தெரியும், பையைத் திறக்கச் சொல்வார்கள். நட்சத்திர முனை வைத்த இரும்பு ஸ்பின்னர், துப்பாக்கி மாதிரிச் சாவிக்கொத்து வேண்டவே வேண்டாம்.

பேட்டரி உள்ள சாமானையும் பவர் பேங்க்கையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். தனி லித்தியம் பேட்டரி செக்-இன் பெட்டிக்குள் போகக் கூடாது. பட்டன் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டதா என்று பாருங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும், நடுவானில் ஆஸ்பத்திரிக்கு எங்கே போவது? சின்னக் காந்த உருண்டைகளும் அப்படித்தான். இரண்டு உருண்டை உள்ளே போனால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துச் சுவரைத் துளைத்துவிடும்.

5. விமானத்துக்குள் உதவாதவற்றைக் கழியுங்கள்

விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய கொடைக்கானல் உயரத்தில் இருப்பது மாதிரிதான் வைத்திருப்பார்கள். 6000 முதல் 8000 அடி வரை. நம் கடற்கரையில் அடைத்த காற்று அங்கே போனால் விரியும், கொடைக்கானல் ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புவது போல. காற்று அடைத்த ஸ்ட்ரெஸ் பாலும், ஜெல்லோடு காற்றும் அடைபட்ட பந்தும் அதே மாதிரி இறுகும். அந்த நேரத்தில் பிள்ளை முழுப் பலத்தோடு அமுக்கினால் தையல் விடும். எங்கள் உறவுப் பிள்ளை ஒன்றின் மடியில் அப்படி ஒரு பந்து பிளந்தது. உள்ளேயிருந்த வெள்ளைப் பசை உடுப்பு, பெல்ட், விரலிடுக்கு எல்லாம் ஒட்டிக்கொண்டது. ஈரத் துணியால் துடைக்கத் துடைக்க நூல் நூலாக இழுத்தது. கையில் ஒட்டியதைத் தாங்க முடியாத பிள்ளை அது. அமுக்கும் பசிக்குக் கெட்டி சிலிக்கான் வளையம் வாங்குங்கள், உள்ளே ஒன்றும் இல்லாதது. தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல்லி மணிகளை எந்தப் பயணத்திலும் கொடுக்காதீர்கள், விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் பெருக்கும்.

குமிழ் குமிழாக அமுக்கும் சிலிக்கான் தட்டு, பாப் இட், ஒரு நல்ல சாமான்தான். ‘பொக் பொக்’ என்று நாலு மணி நேரம் கேட்டால் பக்கத்து சீட்டுக்காரர் முகம் மாறும், அதைப் பார்த்து நமக்குப் பதற்றம், நம் பதற்றம் பிள்ளைக்கு. மெல்லிய சிலிக்கானில் செய்ததில் சத்தம் குறைவு. இரவில் எல்லாரும் படுத்த பிறகு அமுக்கிப் பாருங்கள். அடுத்த அறையில் கேட்டால் அது காருக்கு.

உருளும் எதுவும் வேண்டாம். சீட்டுக்கு அடியில் போனதை பெல்ட் விளக்கு எரியும்போது குனிந்து எடுக்க முடியாது. விளக்கு மின்னுவது இரவு விமானத்தில் எல்லாருக்கும் தொல்லை, வலிப்பு உள்ள பிள்ளைக்கு ஆபத்து. வாசனை போட்ட ஸ்பாஞ்ச் பொம்மை அடைத்த காற்றில் குமட்டும்.

6. இப்போது வாங்குங்கள்

இதற்குள் நோட்டில் வாங்க வேண்டியதாக மிஞ்சியிருப்பது மூன்றோ நாலோதான். இனிக் கடைக்குப் போகலாம்.

14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். கடற்கரைக் கடைகளில் தொங்கும் பெயரில்லாப் பாக்கெட்டுகளில் அது இருக்காது. சின்னத் துண்டு தொண்டையில் அடைக்குமா என்று பார்க்கும் சோதனைக் குழாயின் அகலம் 31.7 மில்லிமீட்டர். வாயில் வைக்கும் பிள்ளை இருந்தால், கழன்று வரக்கூடிய எந்தத் துண்டும் அதைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது. இழுத்து, முறுக்கி, கடித்துப் பார்த்து வாங்குங்கள்.

மெல்லுவதற்கு உணவுத் தர சிலிக்கானில் செய்தது வாங்குங்கள், ஒரே மாதிரி இரண்டு. ஒன்று விமானத் தரையில் விழுந்தால் அதைக் கழுவும் வரை மற்றது கையில் இருக்கும். கழுத்தில் தொங்கவிடுவதானால், இழுத்தால் தானாகக் கழலும் கொக்கி உள்ளதாக இருக்க வேண்டும். பல் பதிந்து கீறல் விழுந்ததை உடனே தூக்கிப் போடுங்கள்.

7. ஒத்திகை இரண்டு

இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

முதல் ஒத்திகை உட்காருவது. ராமநாதபுரத்திலிருந்து மதுரை ரயிலில் ஏறி, ஜன்னலோரம் பிள்ளையை வைத்து, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தேர்ந்தெடுத்த சாமான்களை மட்டும் கொடுத்துப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம். எது இருபது நிமிடம் தாங்குகிறது, எது மூன்றாவது நிமிடத்தில் தரைக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். ரயிலுக்கு வழியில்லையென்றால் பஸ்ஸும் ஆகும்.

இரண்டாவது, சாமானைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்குவது. சோதனையில் கையில் இருப்பதை எக்ஸ்ரே தட்டில் வைக்க வேண்டும். அந்த அரை நிமிடம்தான் முழுப் பயணத்திலும் கடினமானது. வீட்டு வராண்டாவில் அந்தத் துணி டப்பை வையுங்கள். “மோதிரம் குளிக்கப் போகுது, அந்தப் பக்கம் வரும்” என்று சொல்லி, பிள்ளையே அதில் வைக்கட்டும். ஒருவர் டப்பைத் துணிக்குப் பின்னால் இழுக்க, பிள்ளை கதவு வழியாக நடந்து மறுபக்கம் போய் எடுத்துக்கொள்ளட்டும். என் மகனுக்கு ஒன்பது நாள் பிடித்தது. முதல் நாள் டப்போடு ஓடினான். பத்தாவது நாள் தானே வைத்துவிட்டு எனக்கு முன்னால் போய் நின்றான்.

8. பை அடுக்குவது

சாமான்கள் பிள்ளையின் முதுகுப்பையில் வேண்டாம், உங்கள் கைப்பையில் இருக்கட்டும். அவன் கையில் பை இருந்தால் ராமநாதபுரம் தாண்டுவதற்குள் எல்லாம் வெளியே வந்து, பரமக்குடியில் சலித்துப்போகும்.

ஒவ்வொரு கூறுக்கும் ஒரு ஜிப் கவர். மேலே மார்க்கரில் ‘கார்’, ‘காத்திருப்பு’, ‘ஏறும்போது’, ‘நடுவில்’, ‘இறங்கும்போது’, ‘இமிகிரேஷன்’ என்று எழுதுங்கள். மெல்லும் சாமானை ‘ஏறும்போது’, ‘இறங்கும்போது’ இரண்டிலும் வையுங்கள். மெல்லவும் விழுங்கவும் செய்தால் காதடைப்பு விடும். ஒன்றை மட்டும், அவனுக்கு மிகப் பிடித்ததை, இமிகிரேஷன் கவரில் ஒளித்து வையுங்கள். இறங்கின பிறகு வரும் வரிசையில் நமக்கும் தெம்பு இருக்காது.

வெயிலில் காரின் பின்கண்ணாடி ஓரம் வைத்த சாமான் சூடேறிப்போகும். கவரை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

9. பயண நாளில்

விமான நிறுவனத்திடம் 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவையுங்கள். வளர்ச்சிக் குறைபாடு உள்ள பயணிக்கு உதவி வேண்டும் என்பதற்கு டி.பி.என்.ஏ. என்று தனிக் குறியீடு உண்டு, அதை டிக்கெட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் மருத்துவர் கடிதமும் மேலாக இருக்கட்டும். துபாய் விமான நிலையத்தில் சூரியகாந்திப் பூ போட்ட பச்சைக் கழுத்துப்பட்டை தருகிறார்கள். அதைப் போட்டிருந்தால் ஊழியர்கள் பிள்ளையைப் புரிந்து நடத்துகிறார்கள்.

சோதனை வரிசையில் நிற்கும்போதே காவலரிடம் மெதுவாகச் சொல்லிவிடுங்கள்: “ஐயா, பிள்ளைக்கு ஆட்டிசம். இந்தச் சாமானை ஸ்கேன் ஆனதும் உடனே கையில் கொடுத்துடணும்.” பெரும்பாலும் முகம் கனிந்துவிடும். கூட வந்தவர் ஒருவர் முதலில் மறுபக்கம் போய்த் தட்டருகே நிற்கட்டும்.

விமானத்தில் ஒரு நேரத்துக்கு ஒரு சாமான்தான். சலித்ததும் அதை உள்ளே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். பாதி வழியில் பழையது மறுபடி புதுசாகத் தெரியும். அழ ஆரம்பித்த பிறகு கொடுப்பதைவிட, விரல் நெளிய ஆரம்பித்ததுமே கொடுங்கள். தரையிறங்க அரை மணி முன்பு விமானம் இறங்கத் தொடங்கும்போது மெல்லும் வளையத்தையும் ஸ்ட்ரா வைத்த தண்ணீர்ப் போத்தலையும் எடுங்கள். காது வலித்த பிறகு வாயைத் திறக்க மாட்டான்.

போய்ச் சேர்ந்த அன்றே எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, கீறல் பார்த்து, அதே கவர்களில் திரும்ப அடுக்கிவிடுங்கள். ஊர் திரும்பும் நாளில் அந்தக் கவர்களைத் தேட உங்களுக்கு நேரம் இருக்காது.